நாவற்பழத்துக்கு எதை ஊற்றுவது

நாவற்பழத்தின் மேல் தென்னங்கள்ளை ஊற்றி, போத்தலின் வாயை மெழுகால் அடைத்தவன் நான். அடைத்த போத்தலுக்குள் கள் பொங்கும் என்பது எங்கள் கல்லடியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மத்தியானம் அது வெடித்தபோது நானும் என் தங்கை வதனியும் நிலத்தில் குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொண்டோம். சண்டை முடிந்து மூன்று மாதம். அதை எங்கள் முழங்கால்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை.

வதனி எழுந்து பார்த்தாள். சுனாமி வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வெள்ளைச் சுவர் முழுக்க ஊதா.

"ஒரு போத்தில் போடத் தெரியாதா உனக்கு? அவர் வந்தா எதக் குடுக்கிற?"

அவர் என்றால் அவள் புருஷன் சுதாகரன். மேசன். சுனாமி வீடு கட்ட முல்லைத்தீவுக்குப் போனவன், சண்டையில் பாதை பூட்டுப்பட்டு அங்கேயே மாட்டிக்கொண்டான். நாவல் பழுத்தால் அவன்தான் மதுவில் ஊறப்போட்டு வடிப்பான். எதை ஊற்றுகிறான் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. அவன் வருவான் என்று வதனி மட்டும் நம்பினாள்.

"சுனாமியிலயும் செத்திட்டார் எண்டுதானே எல்லாரும் சொன்ன நீங்க. மூணாம் நாள் வந்து நிண்டாரில்ல?"

அவனைத் தேடி நானும் அரசாங்கக் கந்தோர்களுக்கு அலைந்தவன்தான். ஒரு கந்தோர் இன்னொரு கந்தோரைக் காட்டும். அது திரும்ப முதல் கந்தோரைக் காட்டும். எரிச்சலில் சைக்கிளை எடுத்தேன்.

சுதாகரனோடு வேலைக்குப் போன வல்லிபுரம், அகதி முகாமிலிருந்து போன கிழமைதான் வந்திருந்தான். யாரோ வீட்டு மதிலுக்குச் சாந்து குழைத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், நாவற்பழத்துக்கு அவன் எத ஊத்துறவன்?"

"சாராயம் நல்லம். ஆனா பழத்துட நிறத்தக் கெடுக்கும்."

"அப்ப கசிப்பு?"

"நாத்தம் போகாது. ஜின் எண்டா திறம் எண்டுறாங்க."

"அவன் எத ஊத்துறவன் எண்டு கேட்டன்."

"ஒவ்வொரு முறையும் ஒவ்வொண்டு." அவன் என்னைப் பார்க்கவில்லை. "கள்ளுத் தவறணையில கேட்டுப் பாரன்."

"நீயும் ஆக்களக் கைகாட்டப் பழகிட்டியா? கந்தோர் வேலை கிடைச்சிட்டா உனக்கு? சாராயம் கேக்கவா இவ்வளவு தூரம் வந்த நான்?"

கோபத்தில் சாந்துக் குவியலை உதைத்தேன். கால் திரும்பி வந்தது, செருப்பு வரவில்லை. அந்தக் கோலத்திலும் கத்தினேன்: "அவள் ஒவ்வொரு நாளும் அவனுக்கும் சேத்து உலை வைக்கிறாள்டா. வாயத் திற."

வல்லிபுரம் குனிந்து செருப்பைப் பிடுங்கினான். வாளித் தண்ணீரில் கழுவி என் காலடியில் வைத்தான். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான்.

"ஒண்டும் ஊத்தாத மச்சான். பங்கருக்குள்ள வச்சு அவன நான்தான் மண் போட்டு மூடினன்."