குகைக்குக் கிளம்பிய பஸ்

மும்பை செம்பூரில் மாதா கோவில் வாசலில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஞாயிறு பூசை முடிந்த கையோடு பிரியாணி அண்டாவும் ஸ்பீக்கர் பெட்டியும் உள்ளே ஏறின. ஸ்பீக்கர் ஏறுவதையே சுஜா பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் அப்பாவின் பெருமை செய்த வேலை. சஹ்யாத்ரி மலையில் வௌவால் கணக்கெடுக்கப் போனவள், ஒரே குகையில் மூன்று வகை வௌவால்கள் குட்டிகளோடு தொங்குவதைப் பார்த்த சந்தோஷத்தில் அவருக்குப் படம் அனுப்பினாள். கேட்டாரே என்று ஊர்ப் பெயரையும் சொன்னாள். அப்பா மரியஅந்தோணிக்குக் கால் தரையில் பாவவில்லை. ‘என் மகள் கண்டுபிடித்த குகை’ என்று ஊர்ப் பெயரோடு கோவில் குடும்பங்களின் அன்பிய வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். இளைஞர்கள் சும்மா இருப்பார்களா? பிக்னிக்குக்கு இடம் கிடைத்துவிட்டது.

இளைஞர் தலைவன் ரெனால்டிடம் மன்றாடிப் பார்த்தாள். “வெளிச்சமும் சத்தமும் பட்டா தாயெல்லாம் பறந்திரும். குட்டியெல்லாம் கீழ விழுந்து செத்திரும்ணா.”

“அரே, அஞ்சு நிமிஷம் சுஜா. சைலண்டா பாத்துட்டு வந்திருவோம்.”

“பர்மிஷன் இல்லாம உள்ள விடமாட்டாங்க.”

“வாட்ச்மேன்தானே? மேனேஜ் பண்ணிக்கலாம்.”

ஐம்பது பேர், ஸ்பீக்கரோடு, சைலண்டாக! ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை முட்டியது. அந்தக் குட்டிகளுக்கு இன்னும் ரோமம்கூட முளைக்கவில்லை.

முன் சீட்டில் அப்பா மாலை போடாத குறையாக உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அப்பா, நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க. இவங்க போனா ஒண்ணும் மிஞ்சாது.”

“ஒண்ணுமேயா மக்ளே?”

“ஒண்ணுமே.”

டிரைவர் கரீம் பாட்சா கியரில் கை வைத்தார். மரியஅந்தோணி சட்டென்று எழுந்து பின்பக்கம் திரும்பினார். விளையாட்டுக்குப் பொய் சொன்னால்கூடப் பிள்ளைகளை அடித்து வளர்த்தவர் அவர்.

“ஒரு நிமிஷம். அந்தப் படம் எம் மக எடுத்ததில்ல. எவனோ பார்வேர்டு பண்ணினது. பெருமைக்கு அவ பேரப் போட்டுட்டேன். அந்த ஊர்ல குகையே கெடையாது. இவ பர்மிஷன், குட்டின்னு ஒங்களத் தடுத்ததும் எம் மானத்தக் காப்பாத்தத்தான்.”

ரெனால்ட் கேட்டான்: “அங்கிள், சுஜாவாவது உங்க மகதானே?”

பஸ்ஸே சிரித்தது. சுஜா வாயைத் திறந்தாள். உட்கார்ந்த அப்பா அவள் கையை வலிக்கிற மாதிரி அழுத்திப் பிடித்தார்.

“பீச்சுக்கு விடுங்க பாய்!” என்று யாரோ கத்த, பஸ் கிளம்பியது. பின் சீட்டுக்காரன் ஒருவன் துண்டை இரண்டு கையாலும் விரித்து, கீச்கீச்சென்று கத்தியபடி அப்பாவின் தலைக்குமேல் ஆட்டினான். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டின் நிழல் அந்த நரைத்த தலைமேல் விழுவதும் விலகுவதுமாக இருந்தது.