இந்த வாரம் யார் பெருக்குவது?

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாளிச் சத்தத்தில் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை காலை, எதிர்வீட்டு மாடிப்படியை முன்பின் தெரியாத ஒருத்தி பெருக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் அவளுடைய சக்கரப்பெட்டி. காசு கொடுத்து ஊர் சுற்ற வந்தவளுக்கு இது என்ன தலையெழுத்து? என் காபி ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் தெருவில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு மரப்பலகை உண்டு. அது யார் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் பொதுப்படியைப் பெருக்கித் துடைப்பது அவர்கள் முறை. முடித்ததும் அடுத்த கதவில் மாட்டிவிட வேண்டும்.*

(* மாட்டாமல் விட்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். வணக்கம் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். அதற்குச் சண்டையே தேவலாம்.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "கெர்லிண்டே ஒரு தனிமையான முதியவள், ஜன்னலோரம் அமர்ந்து—"

படித்தால் என்னைச் செருப்பாலேயே அடிப்பாள். எதிர்வீட்டுக்காரி, டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவள். குறுக்கே வந்த கார்க்காரர்களைத் திட்டிய வாய் இன்னும் ஓயவில்லை.

அடுத்து: "நகரங்களை விழுங்கும் சுற்றுலா—" இது கட்டுரை. போகட்டும்.

நடந்தது இவ்வளவுதான். அந்தக் கட்டடத்தில் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் காலி செய்தன. கதவுகளில் எண் பூட்டு வந்தது. கெர்லிண்டே வீட்டைத் தவிர எல்லாம் இப்போது நாள் வாடகைக்கு. படுக்கை விரிப்பு மாற்ற வருகிறவர்களுக்குப் படி கணக்கில் இல்லை. அதனால் பலகை அவள் கதவிலேயே நின்றுவிட்டது. பெருக்குவது அவளுக்குப் பாரமில்லை. பலகையைக் கொடுக்க ஆளில்லையே என்பதுதான் பாரம்.

வீட்டுக்காரரின் ஆள் போஃபிங்கர், ஊருக்கு வெளியே பால்கனி வைத்த வீடு தருவதாகச் சொல்லியிருந்தான். போவதா, இருப்பதா என்று சனிக்கிழமை அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவள் பலகையைக் கழற்றி எதிர்க்கதவில் மாட்டினாள். வீம்பா, ஆசையா? அவளையே கேட்டேன்.

"என்னைக் கேட்டா? எழுதறது நீங்கதானே."

3

(இங்கே அரைப்பக்கம் அடித்துவிட்டேன். விருந்தாளி பலகையை நினைவுப்பொருளாகத் தூக்கிப் போய்விடுவதாக எழுதியிருந்தேன். வந்தவளை வில்லியாக்குவது ரொம்பச் சுலபம்.)

அங்கே தங்கியிருந்தவள் ஹாம்பர்க்கைச் சேர்ந்த விப்கே. ஊருக்குக் கிளம்பக் கதவைத் திறந்தவள் பலகையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். படம் எடுத்தாள். சத்தம் கேட்டுக் கெர்லிண்டே வெளியே வந்தாள்.

"நெஜமாவே இப்படி ஒண்ணு இருக்கா? எங்க ஊர்ல உங்க ஊர்க்காரங்களைக் கிண்டல் பண்ண இதத்தான் சொல்வாங்க."

"சிரிச்சு முடிச்சாச்சுன்னா, துடைப்பம் படிக்கு அடியில இருக்கு."

விப்கே பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள். முதல் படியிலிருந்து மேல் நோக்கிப் பெருக்க ஆரம்பித்தாள்.

"அம்மா தாயே, கீழேருந்து மேல பெருக்குறது எந்த ஊர் வழக்கம்? மேல இருக்குற குப்பை எங்க போகும்?"

"எனக்கென்ன தெரியும்? எங்க வீட்ல லிஃப்ட் இருக்கு."

"மேல போங்க. முதல்லேருந்து."

போனாள். வாளி சத்தம் போட்டது அப்போதுதான். முடித்துவிட்டுப் பலகையைக் கழற்றிக் கெர்லிண்டே கதவில் மாட்டினாள்.

"இப்ப உங்க முறை, சரிதானே?"

ரயிலுக்கு ஓடிவிட்டாள். ஹாம்பர்க்கில் நண்பர்களுக்குச் சொல்லிச் சிரிக்கத்தான் பெருக்கினாளா? எனக்கு இன்னும் தெரியவில்லை. கெர்லிண்டே குனிந்து படி மூலைகளில் விரலை விட்டுப் பார்த்தாள். தூசி இல்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

4

மணி அடித்தது. போஃபிங்கர்.

முடிவு அ: "பால்கனி எந்தப் பக்கம் பார்த்தது?" என்று கேட்டாள்.

முடிவு ஆ: அவன் முகத்தில் கதவைச் சாத்தி—

இரண்டுமே ஒட்டவில்லை. அவள் சொன்னது இது: "ஒரு வாரம் பொறுங்க. பலகை இன்னொரு சுத்து வரட்டும்."

மறுவாரம் தன் முறையை முடித்துவிட்டு அதை மறுபடி எதிர்க்கதவில் மாட்டினாள். இன்று மாலை அங்கே புதிதாக யாரோ வருகிறார்கள். அவர்களுக்குப் பெயர் வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஏனென்றால் அது நீங்கள்தான். நிலையத்துக்குப் பக்கமாக, மலிவாக ஒரு வீடு தேடினீர்களே, அதுதான். பூட்டின் எண் உங்கள் கைபேசியில் இருக்கிறது. பலகை கைப்பிடியில் தொங்குகிறது. யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். எதிர்க்கதவுக்குப் பின்னால் ஒருத்தி காது கொடுத்துக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான்.

துடைப்பம் எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியும். மேலிருந்து ஆரம்பியுங்கள்.