தலைவர் உட்கார்ந்தால் எல்லோரும் உட்கார வேண்டும்

மனித குலத்தின் வரலாறு என்பது மனிதன் நடந்த வரலாறுதான்; நடப்பதை நிறுத்திய நாகரிகம் எதுவும் பிழைத்ததில்லை. கூடுவாஞ்சேரி நெடுநடை மற்றும் மலையேற்றக் கழகத்தின் தலைவர் பக்தவச்சலம் இதைச் சொன்னபோது லிஃப்டில் முதல் மாடியிலிருந்து இரண்டாவது மாடிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

கழகத்தின் பெயரில் மலை இருக்கிறது, கூடுவாஞ்சேரியில் இல்லை. அதனால் உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்வே நடைமேம்பாலத்தில் ஏறி, உச்சியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் இறங்கி டிபன் சாப்பிடுவார்கள். இதற்குக் கைத்தடி, முதுகுப்பை, கணுக்காலை மூடும் பூட்ஸ், பைனாகுலர் எல்லாம் உண்டு. பைனாகுலரில் பார்த்தால் வருகிற தாம்பரம் வண்டியில் உட்கார இடம் இருக்கிறதா என்று தெரியும்.

வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வெளியூர். இந்த வருடம் ஐப்பசி பிறந்த முதல் சனி, ஞாயிறு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு மீனவர் குப்பம். அதற்கு ‘இலையுதிர்கால முகாம்’ என்று பெயர் வைத்தவரும் பக்தவச்சலம்தான். ஐப்பசியில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இலை உதிராது, மழைதான் உதிரும் என்று யாரோ சொன்னார்கள். உதிர்கிறது அல்லவா, அது போதும் என்றுவிட்டார்.

முகாம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை தலைவர் தேர்தல். ஒன்பது வருடமாகப் போட்டியே இல்லை. இந்த முறை பிரபாவதி நின்றார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவருடைய வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான்: நடக்கும்போது பேசலாம். இந்த ஒரு வரிக்குக் கழகமே மயங்கிக் கிடந்தது. பக்தவச்சலத்தின் காலடித் தடத்திலேயே காலை வைத்து நடக்கும் செயலாளர் ஏசுபாதம்கூட உள்ளுக்குள் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தார்.

பக்தவச்சலத்துக்கு இது தெரியும். தூக்கம் போய்விட்டது. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றபின் அவர் வீட்டில் அவருடைய உத்தரவுக்குக் கட்டுப்படுவது மிக்ஸி மட்டும், அதுவும் மூடியைச் சரியாகப் போட்டால். கழகத்தில்தான் அவர் எழுந்தால் பதிமூன்று பேர் எழுந்தார்கள். அந்தப் பதவியும் போனால் மிச்சம் மிக்ஸிதான்.

ஆனால் அவர் கையில் மௌன நடை இருந்தது. முன்னொரு முகாமுக்கு வேடந்தாங்கல் போனபோது, பறவைகள் வருவதற்கு ஒரு மாதம் முன்பே இவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாதிப்பேர் பஜ்ஜிக் கடையில் கலைந்து போனார்கள். பிரபாவதி ஏரியைச் சுற்றி முடிக்கும்வரை போனில் தங்கையோடு நாத்தனார் விஷயம் பேசினார். இருந்த ஒரே நாரையும் எழுந்து போய்விட்டது. அன்றைக்கே பக்தவச்சலம் விதிகளை அறிவித்தார். தலைவருக்குப் பின்னால் ஒற்றை வரிசை. யாரும் அவரை முந்தக் கூடாது, வரிசையை விட்டு விலகக் கூடாது. தலைவர் தடியை உயர்த்தினால் எல்லோரும் அவர் பார்க்கும் திசையில் இயற்கையைப் பார்க்க வேண்டும். தலைவர் உட்கார்ந்தால் எல்லோரும் உட்கார்ந்து மண்ணைத் தொட வேண்டும். நடை தொடங்கி முடியும்வரை யார் வாய் திறந்தாலும் அந்த வருடம் ஓட்டும் கிடையாது, தேர்தலில் நிற்கவும் முடியாது. கடைசி விதி பிரபாவதியை மனதில் வைத்து வந்தது என்பது பிரபாவதி உட்பட எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் குப்பத்தில் சொர்ணம் வீட்டில் சாப்பாடு. சொர்ணம் காலையில் மீன் விற்பார், சனி ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்களுக்குச் சமைத்துப் போட்டு இரண்டு அறை வாடகைக்கும் விடுவார். அன்று நண்டு ரசம். கடலின் மக்கள் உண்பதை அவர்களைப் போலவே உண்பதுதான் பயணம் என்று பக்தவச்சலம் எழுந்து நின்று பேசினார். வீட்டில் அவர் ராத்திரிக்குச் சாப்பிடுவது இரண்டு இட்லி, சர்க்கரை தொட்டு. சொர்ணம் அவர் கிளாசைப் பார்த்தார்.

“சார், காரம் ஜாஸ்தி கீது. எங்க ஆளுங்களே பாத்துதான் குடிப்பாங்க.”

ஓட்டுப் போடப்போகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்தவச்சலம் இன்னொரு கிளாஸ் வாங்கிக் குடித்தார்.

ஞாயிறு விடியும்போது ரசம் தன் கருத்தைச் சொல்லத் தொடங்கியது. சொர்ணம் வீட்டில் கக்கூஸ் ஒன்று, அதன் வாசலில் கழகம் முழுவதும் வரிசையாக நின்றது. பக்தவச்சலம் போய்ப் பார்த்தார். ஏசுபாதம் தன் இடத்தைத் தருவதாகச் சொன்னார். தலைவரே வரிசையில் நின்றால் கழகம் யார் பின்னால் நிற்கும் என்று கேட்டுவிட்டு, பக்தவச்சலம் தடியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் நின்றார். எல்லோரும் முகம் தெளிந்து வந்து சேர்ந்தார்கள். பிரபாவதி வாயில் ஒரு சுக்குமிட்டாயை அடக்கிக்கொண்டு வரிசையின் நடுவில் நின்றார். மௌனம் தொடங்கியது. மாமல்லபுரம் போய்ச் சேரும்வரை மௌனம்.

படகுகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பக்தவச்சலத்துக்கு நெற்றி வேர்த்தது. இடது பக்கம் சவுக்குத் தோப்பு தெரிந்தது. அவர் தோப்பை நோக்கித் திரும்பினார். வரிசையும் திரும்பியது. அவர் நின்றார், நின்றது. மறுபடி கடலை நோக்கி நடந்து, எல்லோரும் கடலைப் பார்த்த நேரத்தில் சட்டென்று தோப்புக்குள் பாய்ந்தார். பின்னால் பதிமூன்று ஜோடி பூட்ஸும் பாய்ந்தன. ஏசுபாதத்தின் மூச்சு அவர் பிடரியில் பட்டது. வெளியே வந்து வேகமாக நடந்தார், வேகமாக வந்தார்கள். மணலில் அந்தத் தடத்தைப் பார்த்தவர்கள், முட்டையிட வந்த ஆமை எதுவோ மனம் மாறிப் போயிருக்கிறது என்று நினைத்திருக்கலாம்.

கையால் நில்லுங்கள் என்று காட்டலாம். ஆனால் கையில் தடி இருந்தது. கை உயர்ந்ததும் தடியும் உயர்ந்தது. உடனே எல்லோரும் பைனாகுலரைக் கண்ணில் வைத்து அவர் பார்த்த திசையில் பார்த்தார்கள். அங்கே ஒரு நாய், பக்தவச்சலம் செய்ய நினைத்ததை நிம்மதியாகச் செய்துகொண்டிருந்தது.

இனி ஒரு வழிதான் என்று அவருக்குத் தோன்றியது. கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய படகுக்குப் பின்னால் ஓடினார். முதுகைப் படகில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, குந்தினார். கண்ணைத் திறந்தபோது கழகம் அவரைச் சுற்றி அரைவட்டமாகக் குந்தி, ஒரு கையால் மண்ணைத் தொட்டுக்கொண்டு, பயபக்தியுடன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது.

‘சுத்தமான குப்பம்’ என்று ஊராட்சி போர்டு வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. யாரும் கடற்கரையில் ஒதுங்காமல் பார்த்துக்கொள்ள மகளிர் குழுவினர் விடியற்காலையில் முறை வைத்து விசிலோடு சுற்றி வந்தார்கள். இன்றைக்கு சொர்ணத்தின் முறை. படகுக்குச் சொந்தக்காரரான லோகுவும் பல்துலக்கியபடியே கூட வந்தார். படகைச் சுற்றி வந்து பார்த்த சொர்ணத்துக்கு விசில் வாயிலிருந்து விழுந்தது.

“இன்னா சார் இது? நேத்து எங்க வூட்டாண்ட துன்னுட்டு, இன்னிக்கு மொத்தமா வந்து குந்திகினு கீறீங்க? பொம்பளைங்க வேற.”

யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் ஓட்டு போய்விடும். பதினான்கு பேரும் மண்ணைத் தொட்டபடி அவரை அண்ணாந்து பார்த்தார்கள். லோகு பிரஷை வாயிலிருந்து எடுத்தார்.

“போராட்டமா அண்ணாத்த? எதுக்குன்னு சொன்னா நாங்களும் குந்துவோம்ல?”

லோகு குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, நேற்று நன்றாகத்தானே பேசினார்கள், நண்டில் ஏதாவது கலந்தாயா என்று சொர்ணத்தைக் கேட்டார். சொர்ணத்துக்குக் கோபம் வந்தது. உங்களில் யார் தலைவர் என்று கேட்டார். பதிமூன்று விரல்கள் பக்தவச்சலத்தைக் காட்டின.

சொர்ணம் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினார். அவருக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரத்தில், நீல பெயின்ட் அடித்த ஊராட்சிக் கழிப்பறை.

“அதோ புதுசா கட்டி வெச்சிகீறோம். தண்ணி வருது. யாருக்கு அவசரம்னு வாயத் தொறந்து சொல்லு, சாவி தரேன். சொல்லாம குந்திகினு இருந்தா, ஊரக் கூட்டுவேன்.”

எனக்கு. ஒரே சொல். பக்தவச்சலத்தின் உதட்டுக்குள் அது வந்து நின்றது. சொன்னால் சாவி கிடைக்கும். பத்தாவது வருடம் பிரபாவதிக்குப் போகும். அடுத்த ஞாயிறு மேம்பாலத்தில் எல்லோரும் சளசளவென்று பேசிக்கொண்டு ஏறுவார்கள், அவர் வரிசையில் எங்கேயோ நடுவில் வருவார். அவர் சாவியைப் பார்த்தார். நீலக் கட்டடத்தைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. தலைவர் இயற்கையைக் கண்டு உருகுகிறார் என்று ஏசுபாதம் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிரபாவதி மட்டும் உருகவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் முகங்களை வருடக்கணக்கில் பார்த்தவர் அவர். அந்த முகத்துக்கு என்ன பொருள், அதற்குப்பின் எவ்வளவு நேரம் பாக்கி இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அவரே வாயைத் திறந்து பதவியை இழப்பார் என்று யோசித்தார். யோசித்ததும் அவருக்கே தன்மேல் கோபம் வந்தது. சுக்குமிட்டாயைத் துப்பினார்.

“அம்மா, சாவிய அவர் கையில குடு. பாவம், அவரால முடியல.”

வட்டம் முழுவதும் மூச்சை இழுத்தது. சொர்ணம் சாவியை நீட்டினார். பக்தவச்சலம் அதை வாங்கவில்லை. குந்தியபடியே, எங்கோ தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு, மெல்ல மெல்ல முகம் தெளிந்தார். தலைவர் எழுந்திருக்காததால் வேறு யாரும் எழுந்திருக்க முடியவில்லை. காற்று கடலிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. படகோரமாகக் குந்தியிருந்தவர்கள் ஒவ்வொருவராக மூக்கைப் பொத்தினார்கள்.

மாமல்லபுரம்வரை நடக்கும் திட்டம் கைவிடப்பட்டது. தேர்தல் சொர்ணம் வீட்டு வாசலிலேயே நடந்தது. நடையில் பேசிய பிரபாவதி விதிப்படி போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் அதை மறுக்கவில்லை, நாஸ்தாவுக்கு என்ன என்று மட்டும் கேட்டார். பக்தவச்சலம் பத்தாவது முறையாகப் போட்டியின்றித் தலைவரானார். உறுதி உள்ளவனுக்குத்தான் மௌனம் வசப்படும் என்று நீண்ட ஏற்புரை ஆற்றினார். உறுப்பினர்கள் நாற்காலிகளைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு கேட்டார்கள்.

பேசும்போது அவர் கட்டியிருந்த லுங்கி லோகுவுடையது.