சட்டையிலிருந்த இன்சூரன்ஸ்

சார்லஸ் சார் வாயைத் திறந்தாலே சவரிமேரிக்குச் சந்தேகம் வந்துவிடும். பங்கின் இளையோர் குழுவைச் சிதம்பரத்து மாநாட்டுக்கு அழைத்துப்போகிறாராம், நல்ல காரியம்தான். ஆனால் ஞாயிறு பூசை முடிந்து பிள்ளைகளைக் கோயில் வாசலில் நிறுத்தி, "யூனிஃபார்ம் போட்டாத்தான் இன்சூரன்ஸ். வழியில சட்டைய மாத்துனா ஒண்ணும் கெடைக்காது, சொல்லிட்டேன்" என்று அவர் மிரட்டினார். கிளம்புவதற்கு முன்னாலேயே அடிபடுகிற பேச்சு என்ன பேச்சு? அதுவும் பேரும் வீட்டு போன் நம்பரும் தைத்த நீலச்சட்டை எதற்கு? பிள்ளையை அடையாளம் காட்டவா? சீ, என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

மகள் சகாய பிரியாவைத் தடுத்துப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் சந்தேகம்! உன்னோட பெரிய ரோதனம்மா" என்று அவள் அழுதாள். சரி, போய்த் தொலை என்று அனுப்பிவிட்டு, வேன் தெரு முனை திரும்பியதும் இவளும் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிச் சிதம்பரம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். பாழாய்ப்போன பஸ் கிளம்பவே ஒரு யுகமானது.

ஆலப்பாக்கம் தாண்டும்போது போன் வந்தது. ஆம்புலன்ஸ்காரர். "சட்டையில சகாய பிரியான்னு இருக்கும்மா. புதுச்சத்திரத்துக்கிட்ட மாடு குறுக்க வந்து வேன் பள்ளத்துல எறங்கிடுச்சு. இந்தப் பொண்ணுக்கு மட்டும் காலுல அடி ஜாஸ்தி. சிதம்பரத்துக்குக் கொண்டு போறோம்." மாதாவே, மாதாவே என்று புலம்பிக்கொண்டே டிரைவரிடம் ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் கிடந்த நீலச்சட்டையை நோக்கி ஓடினாள். படுத்திருந்தது பக்கத்து வீட்டு அமராவதியின் மகள் கயல்விழி. பிரியா போன வருஷத்துப் பழைய நீலச்சட்டையில் சுவரோரம் நின்றிருந்தாள். சவரிமேரி முதலில் மகளை ஓர் அறை விட்டாள்; பிறகுதான் கட்டிக்கொண்டாள்.

"கயல் லேட்டாத்தாம்மா வரேன்னுச்சு, பேரு குடுக்கல. யூனிஃபார்ம் போட்டாத்தான் இன்சூரன்ஸுன்னு சார் சொன்னாருல்ல? அதான் கோயில்லயே என் புதுசக் குடுத்துட்டு நான் பழசப் போட்டுக்கிட்டேன். ரெண்டு பேருக்கும் ஆச்சுன்னு நெனச்சேன்."

வேனில் ஏற்றும்போது சார்லஸ் யார் முகத்தையும் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்திருக்கிறார்.

சார்லஸ் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே அவளைத் தூணோரம் அழைத்தார். "அக்கா, பிரியான்னே பதிஞ்சுட்டாங்க. அப்பிடியே இருக்கட்டும். கயல் பேருக்கு இன்சூரன்ஸே இல்ல. ஆப்ரேஷனாம், அமராவதியக்காவால முடியுமா?"

"அவ வந்து சொல்லட்டும் சார்."

"அவுங்க வேல பாக்குற சிப்காட் கம்பெனிக்குள்ள போன் எடுத்துட்டுப் போவ உட மாட்டாங்க. ஷிஃப்ட் முடிஞ்சாத்தான் தெரியும்."

அந்தப் பிள்ளைக்காகப் பேசுகிறானா, பேர் கொடுக்காத பிள்ளையை ஏற்றிவந்த தன் தலைக்காகப் பேசுகிறானா? இரண்டுக்கும் அதே கண்ணீர்தான் வரும் போலிருக்கிறது. ஆனால் அமராவதியின் நிலைமை இவளுக்குத் தெரியாததா? ஒரு பொய்தானே. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

"பேஷண்ட்டோட அம்மா யாரு?" என்று நர்ஸ் வந்தாள்.

"இவுங்கதான்" என்றார் சார்லஸ். சவரிமேரி தலையாட்டிவிட்டு ஸ்ட்ரெச்சரருகே போய் நின்றாள். கயல்விழி அரை மயக்கத்தில் கண்ணைத் திறக்காமலேயே கையை நீட்டி அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசி போடணும்மா. உங்க பொண்ணுக்கு எந்த மருந்தாச்சும் ஒத்துக்காம இருக்கா?"

பிரியாவைப் பற்றிக் கேட்டிருந்தால் பால்குடியிலிருந்து சொல்வாள். இந்தப் பெண்ணுக்கு? போன மழைக்காலத்தில் கயலுக்கு முகமெல்லாம் வீங்கி, அமராவதி அவளை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினாள். அப்போது ஒத்துக்காமல் போனது மாத்திரையா, மீனா? பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு அதைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லையே, பாவி!

"சொல்லுங்கம்மா. இருக்கா, இல்லையா?"

"இல்லன்னு சொல்லுங்கக்கா" என்று சார்லஸ் பின்னாலிருந்து முணுமுணுத்தார்.

சவரிமேரி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊசி போட்டுடாதம்மா! எனக்குத் தெரியாது. இவ என் பொண்ணு இல்ல."

சத்தமாகத்தான் சொல்லிவிட்டாள். முந்தானையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. சவரிமேரி பதறிப்போய்க் குனிந்து அந்தக் கையைத் தேடினாள். அது போர்வைக்குள் போய்விட்டிருந்தது.