பேர் சொல்லாத சாட்சி

பென்னலூர் சபையில் ஞானம்மா இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று எல்லாரும் சொல்வார்கள். சொன்னதோடு நிற்காமல், எல்லாவற்றையும் அவள் தலையிலேயே விட்டும் வைத்திருந்தார்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோயிலைத் திறந்து, பெருக்கி, பாய் விரித்து, திருவிருந்து மேசைக்கு வெள்ளைத் துணி போட்டு, முதல் மணி அடிப்பது அவள்தான். ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு டீயும் அவள் கையால்தான். மற்ற ஆறு நாளும் மெயின்ரோட்டு ஓரத்து நட்டு போல்ட்டு கம்பெனியில் பாக்கிங் வேலை. வயது நாற்பத்தாறு. புருஷன் தேவராஜன் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகளை மணிமங்கலத்தில் கட்டிக்கொடுத்துவிட்டாள்.

இப்படிக் கோயிலே கதி என்று கிடந்தவளுக்கு இரண்டு வருஷமாக ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் தட்டு போதுமா, பால் பத்துமா என்றுதான் மனசு ஓடியது. மற்றவர்கள் ஆமென் சொல்லும்போது இவளும் சொல்வாள். வாய் சொல்லும், அவ்வளவுதான். வேலை செய்துகொண்டே இருந்தால் அந்த வெறுமை தெரியாது என்பதால் இன்னும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இதை அவள் ஒரே ஒரு ஆளிடம் சொன்னாள். போதகர் தைரியநாதனின் மனைவி மெர்சியிடம்.

மெர்சி ஞானம்மாவைவிடப் பத்து வயது சின்னவள். விடியற்காலையில் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் ஜெபத்தில் இருப்பாள். வெளியே வரும்போது அவள் முகத்தில் இருக்கும் அமைதியைப் பார்க்கவே ஞானம்மாவுக்குப் பிடிக்கும். நாலு பேர் இருக்கும் இடத்தில் ‘பாஸ்டரம்மா’ என்பாள். தனியாக இருந்தால் ‘மெர்சி’, ‘வா’, ‘போ’தான். இவளுக்கு அவள், அவளுக்கு இவள் என்று ஆறு வருஷச் சிநேகிதம்.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், போதகர் வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஞானம்மாவின் வாயிலிருந்து அது வந்துவிட்டது. தேவராஜன் செத்த நாள். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பி வைத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் பிள்ளைகளைச் சபையில் முழு அங்கத்தினராக்கும் திடப்படுத்தல் கொடுக்க பிஷப் பென்னலூருக்கு வந்திருந்தார். சபையில் சாப்பாடு.

“வேதத்த எடுத்து கொஞ்சம் வாசியேன்னாரு மெர்சி. பக்கத்துல குந்து, எங்கியும் போவாதன்னாரு. பந்தி முடிஞ்சதும் ஓடியாந்துடறேன், வந்து வாசிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். மூணு மணிக்கு வந்து பாத்தா உடம்பு சில்லுனு கீது. அன்னிலேர்ந்து அந்தப் புஸ்தகத்தத் தொறந்தா எழுத்தே நிக்கமாட்டேங்குது எனக்கு.”

மெர்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “யார்கிட்டயும் சொல்லமாட்டேன் அக்கா. நான் உனக்காக ஜெபம் பண்றேன்,” என்றாள். அன்று வீட்டுக்கு நடந்தபோது ஞானம்மாவுக்கு முதுகில் இருந்த மூட்டையை யாரோ ஒரு பக்கம் தாங்கிக்கொண்டதுபோல இருந்தது.

செப்டம்பர் கடைசியில் அறுப்பின் பண்டிகை வந்தது. அந்த வருஷம் மே மாதம் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் போலீஸ் கெடுபிடி அதிகம். மைக் செட் கட்டுவதற்குப் போதகர் மூன்று முறை ஸ்டேஷனுக்கு அலைந்தார். கடைசியில் அனுமதி கிடைத்தது. கோயில் வாசலில் ஒரு ஒலிபெருக்கிக் குழாய், தெருமுனையில் ஒன்று, பின்பக்கம் சமையல் பந்தலுக்கு மேலே புங்கமரத்தில் ஒன்று என்று கட்டினார்கள். சமையல்காரர்களும் பிரசங்கம் கேட்கவேண்டும் என்று போதகரே சொல்லிக் கட்ட வைத்தார்.

முந்நூறு பேருக்குச் சமையல். ஞானம்மாவும், அவளுக்கு ஒத்தாசையாகப் பக்கத்து வீட்டுக் கிளியம்மாளும் நின்றார்கள். கிளியம்மாள் கோயிலுக்கெல்லாம் வருகிறவள் இல்லை. அவர்கள் கும்பிடுவது தெருக்கோடி அம்மனை. சிநேகிதத்துக்காக வந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது மரத்துக் குழாயில் போதகரின் குரல் கணீரென்று வந்தது. ஆண்டவர் வீட்டுக்கு வந்தபோது ஒரு சகோதரி அடுப்படியிலேயே அலைந்தாள், இன்னொருத்தி அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டாள் என்று விளக்கிக்கொண்டு வந்தார். ஞானம்மா உப்புப் பார்த்தாள். இன்னும் ஒரு கைப்பிடி போடலாம் என்று எடுத்தாள்.

“அந்தக் காலத்துக் கதை எதுக்கு? நம்ம சபையிலேயே ஒரு சகோதரி இருக்காங்க. பேர் சொல்ல விரும்பல. ராப்பகலா ஊழியம். ஆனா ரெண்டு வருஷமா ஜெபமே இல்ல. அவங்க புருஷன் சாகக் கெடக்கிறாரு. பக்கத்துல உக்காந்து ஆண்டவரோட வார்த்தைய வாசின்னு கெஞ்சறாரு. இந்தம்மாவுக்கு நேரம் இல்ல. பந்தியில பரிமாறப் போயிட்டாங்க. திரும்பி வந்தா, உடம்பு சில்லுன்னு இருக்கு. பிரியமானவங்களே, கரண்டி புடிச்ச கையால புருஷன் கையப் புடிக்க முடியாமப் போச்சு.”

கோயிலுக்குள் யாரோ ‘உச்’ கொட்டியதுகூடக் குழாயில் கேட்டது.

கைப்பிடி உப்பு ஞானம்மாவின் கையிலேயே இருந்தது. கிளியம்மாள் அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“இன்னாம்மே இது? உன்னியா சொல்றாரு?”

போதகர் சொல்லாமல் விட்டது ஒன்று ஞானம்மாவின் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. தேவராஜன் செத்த அன்றைக்கு அவளாகப் பந்திக்குப் போகவில்லை. வரமுடியாது, புருஷனுக்கு முடியவில்லை என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். போதகர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். மூன்றாவது தடவை மெர்சியே வந்து வாசலில் நின்றாள். “பிஷப் வந்துட்டாருக்கா, உலைகூட வெக்கல. நீ வந்து ஒரு மணி நேரம் நின்னுட்டுப் போயிடு, ஆண்டவர் அண்ணனப் பாத்துப்பாரு,” என்று கையைப் பிடித்து இழுத்தாள். இந்த இரண்டு வருஷத்தில் ஞானம்மா அதை ஒரு நாளும் குத்தமாக எடுத்துப் பேசியதில்லை. ஜூலையில் கதையைச் சொன்னபோதுகூட, அந்த இடத்தைத் தாண்டித்தான் சொன்னாள். மெர்சியின் மனசு நோகுமே என்று.

“அடுப்ப அணச்சிட்டு வா, போலாம்,” என்றாள் கிளியம்மாள். “நம்ம இன்னாத்துக்கு இவங்களுக்கு ஆக்கிப் போடணும்?”

“குழந்தைங்கல்லாம் பசியோட வரும்,” என்று சொல்லிவிட்டு ஞானம்மா உப்பைப் போட்டாள்.

முந்நூறு பேருக்கும் அவளே பரிமாறினாள். யாரும் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தே, “போதும்மா,” என்றார்கள். வயதான ஒரு அம்மா மட்டும் முழங்கையைத் தடவிக்கொடுத்து, “மனந்திரும்பினா ஆண்டவர் மன்னிப்பாரு,” என்றாள். அந்தத் தடவலைத்தான் ஞானம்மாவால் பொறுக்கமுடியவில்லை. போதகர் சாப்பிட்டுக் கைகழுவ எழுந்தபோது, “சாம்பார் ரொம்ப நல்லாருந்துச்சும்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மனசில் கள்ளம் இருந்ததாகத் தெரியவில்லை.

எல்லாரும் போனபிறகு கோயிலுக்குள் பாயைச் சுருட்டப் போனாள். பிரசங்க மேடையில் நாலாக மடித்த தாள் ஒன்று கிடந்தது. குப்பையோ என்று பிரித்தாள். போதகரின் எழுத்து அவருக்கே புரியாது என்பது சபைக்குத் தெரிந்த விஷயம். இது உருண்டை உருண்டையாக, கோடு போட்டதுபோல இருந்த எழுத்து. பண்டிகைக்கு வாங்க வேண்டிய மளிகைச் சாமான் பட்டியலும் அவளுக்கு இதே எழுத்தில்தான் வந்திருந்தது. நடுப்பக்கத்தில், ‘புருஷன் கையைப் பிடிக்க முடியவில்லை’ என்ற வரிக்குக் கீழே அடிக்கோடுகூடப் போட்டிருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு நேராகப் போதகர் வீட்டுக்குப் போனாள். மெர்சி பின்பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தாளைப் பார்த்ததும் மடித்த சட்டையை மறுபடி பிரித்தாள்.

“இது உன் எழுத்துதான மெர்சி?”

“ஆமாக்கா.”

“அவர்கிட்ட எப்ப சொன்ன?”

“அன்னிக்கே சொன்னேன். ரெண்டு பேரும் சேர்ந்து உனக்காக ஜெபிக்கலாம்னுதான் சொன்னேன். அவருக்கு இந்தப் பிரசங்கத்துக்கு நம்ம சனங்களுக்குப் புரியற மாதிரி ஒரு சாட்சி வேணுமாயிருந்திச்சி. பேர் போடவேணாம்னு நாந்தான் சொன்னேன்க்கா.” இதை ஒரு உபகாரம்போலச் சொன்னாள்.

“கிளியம்மாளுக்கே புரிஞ்சிடுச்சி. அது இந்தக் கோயில் படி ஏறினதில்ல. தெருமுனை டீக்கடையில எங்க கம்பெனி ஆளுங்க நாலு பேரு குந்திக்கினு இருந்தாங்க.”

மெர்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

“சரி, என் வெக்கக்கேடு போவட்டும். அன்னிக்கு எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு கூப்ட்டது யாரு? அது ஏன் இதுல இல்ல?”

மெர்சி பிரித்த சட்டையை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

“அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்க்கா.”

“அந்த எடம் வந்தப்போ கை நிக்கலியா உனக்கு?”

“நின்னுச்சி.”

“அப்புறம்?”

“எழுதிட்டேன்.”

ஞானம்மா தாளை மடித்த துணிகளின்மேல் வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த கோயில் சாவியை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

“நான் வரேங்க, பாஸ்டரம்மா,” என்றாள்.

மெர்சிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஞானம்மா நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து, வெயில் இறங்குகிறவரை தரையில் உட்கார்ந்திருந்தாள். புகையும் சாம்பார் வாடையும் புடவையில் இருந்தன. கோபம் யார்மேல் என்றே தெரியாமல் வந்தது. முதலில் மெர்சியைத் திட்டினாள். அப்புறம் போதகரை. அப்புறம், “நீயும் பாத்துக்கினுதான இருந்த? அவரு கூப்ட்டது உனுக்குக் கேக்கல? ஒனக்குத்தான ஆக்கிப்போடப் போனேன் நான். ஒரு மணி நேரம் அந்த மனுஷன் உசிரப் புடிச்சி வெக்க முடியலியா உன்னால?” என்று வாய்விட்டுக் கேட்டாள். கேட்டுக்கொண்டே போனாள். தேவராஜனின் இருமல், அவன் கடைசியாகக் கேட்ட சுடுதண்ணீர், அவன் சட்டையை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் பெட்டியில் வைத்திருப்பது, எல்லாவற்றையும் சொன்னாள். தொண்டை கட்டிப்போன பிறகுதான், இவ்வளவு நேரம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கு உறைத்தது.

அதனால் மனசு ஆறிவிடவில்லை. ஆனால் மறுநாள் காலை, கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் கால் மணி நேரம் கிடைத்தபோது, சுவரில் சாய்ந்து மறுபடியும் உட்கார்ந்தாள். சில நாள் பேச எதுவும் இருக்காது. சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து போவாள். சில நாள் வேதத்தில் ஒரு பக்கம் வாசித்தாள். எழுத்து கண்ணில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாவது மணி அடித்ததும் போய்ப் பாயில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொன்னதும் எழுந்து வந்தாள். முதல் மணியை யாரும் சரியான நேரத்தில் அடிக்கவில்லை. வெள்ளைத் துணியில் கறை தெரிந்தது. டீ இரண்டு வாரம் வந்தது, அப்புறம் நின்றுபோனது.

டிசம்பர் முதல் வாரம் போதகர் டி.வி.எஸ். வண்டியில் அவள் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டாள். காப்பி கொடுத்தாள்.

“கிறிஸ்துமஸ் வருதும்மா. மனஸ்தாபத்தையெல்லாம் விட்டுடணும். ஜெபமும் வேணும், ஊழியமும் வேணும். ஒண்ண விட்டு ஒண்ணு ஆகாது.”

“அத அன்னிக்கு மைக்குல சொல்லியிருந்தீங்கன்னா நல்லாருந்திருக்கும் ஐயா.”

“உன் பேர நான் சொல்லவே இல்லியேம்மா.”

“உங்க பேரையும்தான் சொல்லல. மூணு தடவ கூப்ட்டு அனுப்பினது நாந்தான்னு அதே மைக்குல ஒரு வார்த்த சொல்லுங்க. அடுத்த நிமிஷம் நான் வந்து அடுப்பு மூட்டறேன்.”

போதகர் காப்பித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “போதகர் அப்படியெல்லாம் சொன்னா சபை ஒடஞ்சிடும்மா,” என்றார் மெதுவாக. “நீதான் பொறுத்துப்போகணும்.”

“நான் ஒடஞ்சா பரவால்லியா?” என்று ஞானம்மா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் எழுந்து வண்டியைக் கிளப்பினார். அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் அவர் மைக்கில் அதைப்பற்றி எதுவும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் சாப்பாடு ஸ்ரீபெரும்புதூர் ஓட்டலிலிருந்து வேனில் வந்தது. பன்னிரண்டுக்கு வரவேண்டியது ஒன்றரைக்கு வந்தது. ஆராதனை முழுவதையும் ஒரு தடவைகூட எழுந்து போகாமல் ஞானம்மா கேட்டிருந்தாள். பல வருஷத்துக்குப் பிறகு பாட்டின் கடைசி அடிவரை அவளுக்குக் கேட்டது. வெளியே வந்தபோது மெர்சி தனியாளாகப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. யாருக்குக் கொடுத்தோம், யாருக்குக் கொடுக்கவில்லை என்பது அவளுக்கே தெரியவில்லை.

பிள்ளைகள் வரிசையில் தண்ணீர் வைக்கவில்லை. விக்கல் எடுத்த ஒரு பெண்குழந்தை சுற்றுமுற்றும் பார்த்தது. ஞானம்மா குடத்தைச் சாய்த்து ஜக்கில் எடுத்து, வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குழந்தைகளுக்கு ஊற்றிக்கொடுத்தாள்.

“அக்கா,” என்றாள் மெர்சி. கையில் ஒரு பொட்டலத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். “அக்கா, நீ சாப்டல.”

“கிளியம்மா வூட்ல சமைச்சி வெச்சிருக்குதுங்க. காத்துக்கினு இருக்கும்,” என்று சொல்லி, ஜக்கைக் குடத்தின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, ஞானம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.