ஹீட்டரைப் போட்டால் இருட்டு

பச்சைத் தண்ணீரில் குளித்தால் உடம்புக்கு நல்லது என்று பஸ் டிரைவர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சுத்தப் புளுகு. அவர் வீட்டில் ஹீட்டரைப் போட்டால் மெயின் போர்டில் ஷாக்கிலிருந்து காப்பாற்றும் சுவிட்ச் 'டப்'பென்று விழுந்து, வீடே இருண்டுவிடும். விழ வைப்பது செத்துப்போன தன் மனைவிதான் என்று அவர் நம்பினார்.

நம்பக் காரணம் இருந்தது. "ஏங்க, ஹீட்டரை அணைச்சீங்களா?" என்பது காலமெல்லாம் அவள் பாடிய பாட்டு. நோயில் கிடந்தபோதும் கேட்டாள். வண்டி ஓட்டிவிட்டு வந்த எரிச்சலில், "செத்தாலாவது வாயை மூடுவியா?" என்று எரிந்து விழுந்தார். அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசவில்லை. பேச நாளும் கிடைக்கவில்லை.

அவள் அறையில் அவள் படத்தை மாட்டிய அன்றைக்கே முதல் இருட்டு வந்தது. கோபம் தணிந்ததா என்று அவ்வப்போது ஹீட்டரைப் போட்டுப் பார்ப்பார். டப். "சரிம்மா, சரி" என்று சுவரைத் தடவிக்கொண்டே போய் சுவிட்சை ஏற்றிவிடுவார்.

ஊரிலிருந்து வந்த மகளுக்கு இந்தக் கதை தெரியாது. அவள் ஒயர்மேனைக் கூட்டி வந்தாள். அவன் ஹீட்டரைக் கழற்றிச் சோதித்தான்.

"ஹீட்டர்ல ஒண்ணுமில்ல சார். அயர்ன்பாக்ஸ் இருக்கா?"

சமையலறையில் அதைச் செருகினான். டப். டிரைவர் மனைவியின் பூட்டிய அறையைத் திரும்பிப் பார்த்தார். அயர்ன்பாக்ஸ் மேல் அவளுக்கு என்ன கோபம்?

ஒயர்மேன் போர்டில் ஒவ்வொரு அறையின் ஒயரையும் கழற்றிக் கழற்றிப் பார்த்தான். "அந்தப் பூட்டின ரூமைக் கழட்டினா விழ மாட்டேங்குது."

"அங்க ஒரு பல்புகூட எரியலையேப்பா."

"எரிய வேணாம் சார். சுவிட்சை அணைச்சாலும் கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் ஒயர் அறுபடாது. அது அங்க தரைக்குப் போற எர்த் ஒயரைத் தொடுது. வேற எங்கயாவது கரண்ட் அதிகமா இழுத்தா, கொஞ்சம் அந்த வழியா நழுவிடும். உடனே இது விழுந்துடும்."

அறையில் இன்னும் தைல வாசனை இருந்தது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே அவள் படம்.

"இந்த ஆணி யார் அடிச்சது?"

"நான்தான்."

"பைப் போற வழியில அடிச்சிருக்கீங்க. உள்ள ரெண்டு ஒயரையும் சேர்த்துக் குத்தியிருக்கு."

படத்தைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு அவன் குறடை எடுத்தான்.

"விட்டுடுப்பா. எனக்குச் சுடுதண்ணியே வேணாம்" என்றார் டிரைவர்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "என்னப்பா பேசறீங்க?"

"இதை இப்படியே விட்டுட்டுப் போக முடியாது சார்" என்றான் ஒயர்மேன். ஆணி சுண்ணாம்போடு பிடுங்கிக்கொண்டு வந்தது. ஒயரை மாற்றிவிட்டு ஹீட்டரைப் போட்டான். அயர்ன்பாக்ஸையும் போட்டான். சுவிட்ச் அசையவில்லை.

அன்று மாலை அவர் வெந்நீரில் குளித்தார். சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகம்தான் அவரை அழ வைத்தது. குளித்து முடித்து வேண்டுமென்றே ஹீட்டரை அணைக்காமல் வந்து, அவள் கட்டிலில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஹீட்டரை அணைக்கலம்மா" என்றார்.

காத்திருந்தார். தலைக்கு மேல் பல்பு துளிகூட மினுங்காமல் எரிந்தது.

"அணைக்கலன்னு சொல்றேன்ல."

வாயை மூடு என்று அன்றைக்கு அவர் கேட்டிருந்தார். அவள் மூடியது இன்றைக்குத்தான்.