என் பக்கத்து பிரேக்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சுத்தப் பொய். மூக்கு நுனியில் கோபம் இருப்பவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டாள். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எதிரே லாரி வரும்போதும் "மெதுவா, மெதுவா, ஒண்ணும் அவசரமில்ல" என்று தாலாட்டுப் பாடுகிற குரலில் பேசுகிறவள் நான். எனக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்தில்தான். நான் செய்யும் சின்னக் கார்களை யாராவது பொம்மை என்று சொன்னால் வரும்.

சின்னக் கார் என்றால் அசல் காரை இருபத்துநாலில் ஒரு பங்காகச் சுருக்கியது. பெட்டிக்குள் பிளாஸ்டிக் பாகங்கள் ஒரு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி, ராவி, ஒட்டி, பெயிண்ட் அடித்து நாமே காராக்க வேண்டும். இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கென்று எங்கள் ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது. தையல் மெஷின் கடைக்கு மேலே உள்ள ஹாலில் கூடுவோம். வருஷத்துக்கு ஒரு கண்காட்சி. அதில் இரண்டு மேஜைகள்: துல்லியம் ஒன்று, கற்பனை ஒன்று. துல்லியத்தில் முதலாவதாக வரும் கார் அடுத்த கண்காட்சி வரை வாசலில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். மாடிப்படி ஏறி வருகிற யாரும் அதைப் பார்க்காமல் உள்ளே வர முடியாது.

அந்தப் பெட்டிக்குள் என் கார் இருக்க வேண்டும். இதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் என் காரைக் கற்பனை மேஜைக்குத் தள்ளிவிட்டார்கள். கற்பனை என்பது மரியாதைக்குச் சொல்வது. இதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இந்த முறை நான் செய்தது எங்கள் பயிற்சிப் பள்ளியின் நீலக் காரை. நான் தினமும் உட்கார்ந்து வேலை பார்க்கும் அதே காரை. கடையில் அந்த மாடல் புத்தம்புதுக் காராகத்தான் கிடைக்கும். நான் அதை எங்கள் காராக்கினேன். வெயிலில் வெளுத்த பானட், சுவரில் இடித்து நெளிந்த பின்பக்கம், பிடித்துப் பிடித்து வழுவழுத்துப் போன ஸ்டீயரிங், கிளட்ச்சை விடவே மனசு வராதவர்கள் மிதித்து மழுங்கிய கிளட்ச் பெடல், எல்லாம் வைத்தேன். என் பக்கத்து பிரேக்கைத்தான் ரொம்ப ஆசையாகச் செய்தேன். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்குமே, அது. கூல்டிரிங்ஸ் டப்பாத் தகட்டில் அரிசியைவிடச் சின்னதாக ஒரு பெடல் வெட்டி, அதன்மேல் கருப்பு டேப் ஒட்டி, பிளேடால் வரி வரியாகக் கீறி ரப்பராக்கினேன். அதற்கு மட்டும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. அன்றைக்குச் சமையல் என் வீட்டுக்காரர். அதை அவர் இன்னும் மறக்கவில்லை, நானும்தான்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் சாயங்காலம் நடுவர்கள் கார்களைப் பார்த்து எந்த மேஜை, எத்தனை மார்க் என்று முடிவு செய்வார்கள். நான் வகுப்பை முடித்துவிட்டு அந்த நீலக் காரிலேயே வந்தேன். பின்சீட்டில் என் வீட்டுக்காரர், அவர் மடியில் சின்னக் காரின் பெட்டி. அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். "நான் எத்தனையோ பேரை மேல ஏத்திக் கீழ இறக்கியிருக்கேன், ஒருத்தருக்காகவும் இப்படிப் பயந்து உக்காந்ததில்ல" என்று வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தார். குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரிதான் மாடிக்குத் தூக்கி வந்தார்.

தலைமை நடுவரை எங்கள் சங்கத்தில் நூலளவு என்பார்கள். பல் செட் செய்வது அவர் தொழில். ஒரு நூல் பிசகினாலும் வாய் மூடாது என்று அடிக்கடி சொல்வார், அந்தப் பெயர் அப்படியே நின்றுவிட்டது. அவருக்குத் துணை நடுவர் பளபளா. மர சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவன். அவனைப் பொறுத்தவரை, குனிந்து பார்த்தால் நம் முகம் தெரியாத பெயிண்ட் பெயிண்ட்டே இல்லை.

நூலளவு என் காரை வெள்ளைத் துணியில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதவு இடுக்கில் அளவுகோலை வைத்தார்.

"இந்த இடுக்கை இருபத்துநாலால பெருக்கினா ஏழு மில்லிமீட்டர் வருதும்மா. அசல் கார்ல ஒரு பென்சிலே உள்ள போயிடும்."

"போகும்ண்ணே. எங்க கார்ல போகும். கத்துக்க வர்றவங்க கதவைச் சாத்தற சாத்துல கீலே தொங்கிப் போச்சு."

பளபளா குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. பெயிண்ட் சரியா வரலன்னா நெளிவு, அழுக்குன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். பளபளன்னு கொண்டு வர்றதுலதான் கஷ்டமே இருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தம்பி, நெளிவு தானா விழறதுக்கு இது ஒண்ணும் ரோட்ல ஓடற வண்டி இல்ல. உள்பக்கமா சுரண்டிச் சுரண்டி, வெளிச்சம் தெரியற அளவுக்குப் பிளாஸ்டிக்கை மெலிசாக்கணும். ஸ்பூன் காம்பைச் சூடு பண்ணி, மூச்சை அடக்கிக்கிட்டு அமுக்கணும். கொஞ்சம் கூடினா ஓட்டை. மூணு காரை ஓட்டையாக்கிட்டுதான் இதைப் பண்ணியிருக்கேன். பளபளப்பு வேணும்னா நீ பாலிஷ் போட்ட மேஜைல முகம் பாத்துக்கோ, என் கார்ல பாக்காத."

"இந்நேரம் வரைக்கும் அமைதியா இருந்ததே பெருசு" என்றார் என் வீட்டுக்காரர், யாரிடமோ சொல்வது போல.

நூலளவுக்குச் சிரிப்பு வந்தாலும் சிரிக்கவில்லை. "நெளிவு நல்லாத்தான் இருக்கு. நான் சொல்றது வேற. கம்பெனியிலேருந்து வெளிய வந்தப்போ கார் எப்படி இருந்துச்சோ, அப்படிப் பண்றதுதான் துல்லியம். நீ இந்தப் பக்கம் இன்னொரு பிரேக் வெச்சிருக்க. எந்தக் கம்பெனி ரெண்டு பிரேக் வெச்சு விக்குது? இது கற்பனை மேஜைதான்."

கற்பனை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் ஆத்திரம். தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருகிற இடம் இவருக்குக் கற்பனையா?

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். பல் செட் பண்றீங்களே, புத்தகத்துல போட்டிருக்கிற வாயைப் பாத்துப் பண்றீங்களா, எதிர்ல உக்காந்திருக்கிறவர் வாயைப் பாத்துப் பண்றீங்களா?"

ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நூலளவு அளவுகோலைக் கீழே வைத்தார்.

"வாயைப் பாத்துதான்."

"அப்போ காரைப் பாத்து மார்க் போடுங்க. கீழதான் நிக்குது."

அவர் அளவுகோலை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, "நியாயம்தான். ஆனா காரைப் பாத்துன்னு வந்துட்டா முழுசாப் பாப்பேன். ஒரு இடம் தப்பா இருந்தாலும் விடமாட்டேன்" என்றார்.

"விடாதீங்கண்ணே. கண்ணாடிப் பெட்டிக்குள்ள போற கார், நல்லாவே பாருங்க" என்றேன். வாய் என்றால் வாய் எனக்கு.

சின்னக் காரோடு சங்கமே படியிறங்கிக் கீழே வந்தது. தெருவில் போனவர்கள் விபத்து நடந்துவிட்டதோ என்று நின்று பார்த்தார்கள். பழைய பயிற்சிக் கார் ஒன்றைச் சுற்றி நாலைந்து பேர் குந்தி உட்கார்ந்து பம்பரை அளந்துகொண்டிருந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? பளபளா நெளிவின்மேல் விரலை வைத்துப் பார்த்தான், பிறகு சின்னக் காரைப் பார்த்தான், மறுபடியும் நெளிவைத் தடவினான். "அக்கா, நெளிவுலேருந்து வாலு மாதிரி போற கீறல்கூட இருக்கு" என்றான். குரலே மாறிவிட்டது. கதவு இடுக்கில் நூலளவு தன் சட்டைப் பையிலிருந்த பென்சிலை நுழைத்தார். சொன்ன மாதிரியே போனது. வெளுத்த பானட்டும் கிளட்ச்சும் பொருந்தின. ஒவ்வொன்றாகப் பொருந்தப் பொருந்த எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் என் வீட்டுக்காரர் கையைக் கிள்ளியேவிட்டேன்.

கடைசியாக நூலளவு என் பக்கத்துக் கதவைத் திறந்து, மண்டியிட்டு, டார்ச்சை அடித்துத் தலையை உள்ளே விட்டார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

"டீச்சர், இங்க வாம்மா."

போனேன்.

"உன் கார்ல இந்த ரப்பர் வரி வரியா, நேத்து வாங்கினது மாதிரி இருக்கு. இங்க வரியே இல்லையேம்மா."

"இருக்கும்ண்ணே. டார்ச்சை ஒழுங்காப் புடிங்க. நான் அந்த பிரேக்கை மிதிக்கறதே அபூர்வம். என்கிட்ட கத்துக்கறவங்க அவங்களே பிரேக் போடுவாங்க. அதுக்குத்தான் எனக்குப் பேரே."

சொல்லிக்கொண்டே குனிந்தேன். வரி இல்லை. ஒரு மூலையில் ரப்பரே இல்லை. என் கால் கட்டைவிரல் படுகிற இடத்தில் இரும்பு வெளியே வந்து, டார்ச் வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நான் அதைக் குனிந்து பார்த்ததில்லை. என் கண் எப்போதும் ரோட்டில், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் கையில். கால் அதன்பாட்டுக்குப் போய்வந்திருக்கிறது. கார் முழுக்க யார் யாரோ தேய்த்ததையெல்லாம் தேடித் தேடிச் செய்தவள், நான் தேய்த்ததை மட்டும் புதிதாக வைத்துவிட்டேன்.

முதலில் வெட்கமாக இருந்தது. பிரேக்கே போடுவதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் ஆயிற்றே. அப்புறம், குனிந்தபடியே இருக்கும்போது, ஒவ்வொன்றாக வந்தது. சந்திலிருந்து திடீரென்று வளைந்த சைக்கிள்காரர். பந்துக்குப் பின்னால் ஓடிவந்த குழந்தை. ரிவர்ஸ் என்று நினைத்து முன்னால் பாய்ந்த வண்டிக்கு எதிரே நின்ற பால்காரர். எதுவும் நடக்கவில்லை. எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். நடக்காமல் போனதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? நானே அன்றன்றைக்குச் சாயங்காலத்தோடு மறந்துவிட்டேன். அந்த இரும்பு மறக்கவில்லை. எனக்கு என்மேலேயே அப்படி ஒரு பெருமை வந்தது.

"அக்கா, ரெண்டு நிமிஷம். பிளேடு இருக்கு, நான் சுரண்டிக் குடுத்துடறேன்" என்று பளபளா கிசுகிசுத்தான். பாவம், நல்ல பையன்.

"கொண்டு வந்தது கொண்டு வந்தபடிதான் இருக்கணும். அண்ணே, தப்புதான். மார்க்கைக் குறைங்க."

நூலளவு முழங்காலைத் தட்டிக்கொண்டே எழுந்தார். "எனக்கே மனசு வரலம்மா. ஆனா…"

"நான்தானே காரைப் பாத்துப் போடுங்கன்னேன்? குறைங்க."

"இதே தப்பை நான் சொல்லியிருந்தா இன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு கிடைச்சிருக்காது" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு, அவரும் ஒருமுறை கதவுக்குள் குனிந்து அந்தப் பெடலைப் பார்த்தார். நிமிர்ந்தபோது கேலி பேசவில்லை.

என் கார் துல்லியம் மேஜைக்குப் போனது, இரண்டாவதாக. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தபால்காரர் செய்த பந்தயக் கார் போனது. எஞ்சினுக்குள் தலைமுடி மெலிசில் வயரெல்லாம் இழுத்திருந்தார். நல்ல வேலைதான். ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது, கொஞ்சம் வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் கூட்டம் வந்தபோது நான் என் கார் பக்கத்திலேயே நின்று எல்லோரையும் வம்புக்கு இழுத்தேன். "இதுல ஒரு தப்பு இருக்கு. கண்டுபிடிங்க பாக்கலாம்." கதவு தொங்குகிறது என்றார்கள். பெயிண்ட் வெளுத்திருக்கிறது என்றார்கள். பின்பக்கம் இடிந்திருக்கிறதே என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். ஒருத்தருக்கும் பிடிபடவில்லை.

மத்தியானத்துக்குமேல் ஒரு பெண் வந்தாள். கையில் வண்டிச் சாவி. என்னைப் பார்க்காமல் நேராகக் காரிடம் போனாள்.

"ஐயோ, இது நம்ம நீலக் காரு!" என்று குனிந்தவள், ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். முகம் சுருங்கியது. "ஆனா நம்ம காரு இல்லையே. டீச்சரம்மா பிரேக்ல ரப்பர் முழுசா இருக்கே."

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. கிளட்ச்சை விடச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வாள். மூன்று தடவை தேர்வில் தோற்று, மூன்று தடவையும் என் தோளில் அழுதவள்.

"டீச்சர்! நான் கத்துக்கறப்பவே அதுல ஒரு மூலை ரப்பர் போயிடுச்சு. நீங்க டக்குனு மிதிப்பீங்க, நான் பயந்து போய் உங்க காலைத்தான் பாப்பேன். பாதியாவது என்னாலதான் தேஞ்சிருக்கும்."

"இப்போ என்ன ஓட்டற?"

"ஸ்கூல் வேன், டீச்சர். காலையில ஒரு ட்ரிப், சாயங்காலம் ஒரு ட்ரிப். வண்டி நிறையப் பசங்க. ஒரு கீறல் விழுந்ததில்ல இதுவரைக்கும்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் துளிப் பணிவு இல்லை. என்னிடம் கற்றவள் அப்படித்தான் சொல்ல வேண்டும். நான் ஹாலின் மறுகோடியில் நின்றிருந்த நூலளவைப் பெரிய குரலில் கூப்பிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள், திரும்பட்டும். அவர் அளவுகோலோடு வேகமாக வந்தார். நான் அவளைத் தோளைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

"அண்ணே, அந்தக் காரை விடுங்க. இதுவும் நான் பண்ணினதுதான். இதுல ஒரு தப்பு கண்டுபிடிங்க பாக்கலாம்."